கிட்டாரும் அம்பாசிடரும் ஒரு காது மெஷினும்

என் வீட்டுக்காரருக்குக் காது மந்தம். நான் அறுபது வயதுக்கு மேல் எலெக்ட்ரிக் கிட்டார் கற்றுக்கொண்டவள். இந்த இரண்டையும் அடுத்தடுத்துச் சொன்னால் கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். செவிடன் காதில் ஊதிய சங்கு என்று பழமொழி சொன்னவர்கள் யாரும் ஊதுகிறவள் பக்கமிருந்து யோசிக்கவில்லை. அவளுக்கு அதைப் போல நிம்மதி வேறு கிடையாது.

அவருக்கு ஒன்றுமே கேட்காது என்றில்லை. முப்பது வருஷம் ஜெனரேட்டர் அறையில் வேலை பார்த்தவர். இடி இடித்தால் கேட்கும். பஸ் ஹார்ன் கேட்கும். மெல்லிய சத்தமும் கீச்சுச் சத்தமும்தான் ஏறாது. மிக்சி ஓடுவது தெரியாது, குக்கர் விசில் தெரியாது, நான் பேசுவதில் முக்கால்வாசி தெரியாது. தெரியாததை எல்லாம் "ம்" போட்டுச் சமாளிப்பார். கல்யாணமான நாளிலிருந்தே "ம்" போடுகிறவர் என்பதால், காது எந்த வருஷம் போனது என்று என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை.

நான் தாலுகா ஆபீசில் முப்பத்து மூன்று வருஷம் டைப் அடித்தவள். ஓய்வு பெற்ற பிறகும் விரல்கள் சும்மா இருக்க மறுத்தன. சாப்பாட்டு மேசையில், பஸ் கம்பியில், எங்கே இடம் கிடைத்தாலும் தட்டிக்கொண்டிருந்தேன். சிதம்பரத்தில் என் தம்பி சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கிறான். கல்யாணம், திருவிழா, கட்சிக் கூட்டம் எதுவானாலும் பெட்டியும் மைக்கும் அவனுடையதுதான். ஒருமுறை அவன் குடோனுக்குப் போனபோது மூலையில் ஒரு சிவப்பு எலெக்ட்ரிக் கிட்டார் கிடந்தது. ஏதோ ஒரு பாட்டுக் கச்சேரிக் குழு கலைந்தபோது அவனிடம் வந்து சேர்ந்ததாம். விளையாட்டாக எடுத்து மடியில் வைத்தேன். அவனும் விளையாட்டாக ஒயரைச் சொருகிவிட்டான். நான் ஒரே ஒரு கம்பியைத் தட்டினேன். பெட்டிக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது பாருங்கள், நேராக என் வயிற்றுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அத்தனை வருஷம் எத்தனை லட்சம் எழுத்து அடித்திருப்பேன். ஒன்றாவது இப்படித் திருப்பிப் பதில் சொல்லியிருக்குமா?

"அக்கா, இது ஒனக்கு வாணாங்க்கா. வீணை கத்துக்கயேன், கௌரவமா இருக்கும்" என்றான் தம்பி.

"கௌரவத்த முப்பத்து மூணு வருஷம் பாத்தாச்சு. நீ ஒயரச் சுத்திக் குடு" என்றேன்.

அதே நாளில், அதே இடத்தில்தான் எங்கள் வீட்டுக்காரரும் மனசைப் பறிகொடுத்தார். குடோனுக்குப் பின்னால் ஒரு பழைய ரைஸ் மில். அதன் களத்தில் ஒரு அம்பாசிடர் நாலு டயரும் மண்ணில் புதைந்து நின்றது. பின் சீட்டில் ஒரு கோழி அடை காத்துக்கொண்டிருந்தது. இவர் பானெட்டைத் திறந்து பார்த்தார், உள்ளே கையை விட்டார், கையை வெளியே எடுத்து முகர்ந்து பார்த்தார். எனக்கு அந்த முகம் தெரியும். பெண் பார்க்க வந்த அன்றைக்கு அதே முகத்தோடுதான் எங்கள் வீட்டுக் கேசரியைச் சாப்பிட்டார். மில்காரர் வண்டியைத் தருவதற்கு யோசிக்கவே இல்லை. கோழி குஞ்சு பொரிக்கும் வரை பொறுத்திருக்க வேண்டும் என்பது மட்டும்தான் அவர் போட்ட கண்டிஷன்.

பொறுத்திருந்து, அதை ஒரு லாரியில் ஏற்றிக் கடலூருக்குக் கொண்டுவந்தோம். எங்கள் வீடு தேவனாம்பட்டினம் போகிற ரோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. கடல் காற்று தாராளமாக வரும். அந்தக் காற்றில் இரும்பு என்று பேர் சொன்னாலே துருப் பிடித்துவிடும். அவருக்கு வண்டித் தகடு துருப் பிடித்தது, எனக்குக் கிட்டார் கம்பி துருப் பிடித்தது. அவர் வண்டித் தரையைப் பெயர்த்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் பண்ணுவார், பட்டி பார்ப்பார், உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பார். ஒரு மாசம் கழித்துப் பார்த்தால் இன்னொரு இடத்தில் துரு பூத்திருக்கும். நான் கம்பிக்குத் தேங்காய் எண்ணெய் தடவிப் பார்த்தேன். துரு நின்றது, ஆனால் விரல் நிற்கவில்லை. முதல் கட்டத்தில் வைத்தால் மூன்றாவது கட்டத்தில் போய் இறங்கியது.

போர்ட்டிகோவில் அவர், ஹாலில் நான், நடுவில் ஒரு ஜன்னல். இப்படி மூன்று வருஷம். போனில் வரும் ஒரு வாத்தியாரைப் பார்த்துப் பார்த்து வாசித்தேன். விரல் நுனி கொப்புளித்து, உரிந்து, காய்த்துப் போனது. சாமி கும்பிடக் கற்பூரம் தொட்டால்கூடச் சுடாது. அவர் சென்னைப் புதுப்பேட்டையில் பழைய சாமான் கடைகளுக்குப் போய் வீல் கப் ஒன்றைத் தேடி வாங்கி வந்து, அதை ஒரு வாரம் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கினார். எங்களுக்கு வயசாகிறது என்பதை இரண்டு பேருமே சுத்தமாக மறந்துபோயிருந்தோம்.

வண்டி முதல் தடவை ஸ்டார்ட் ஆன நாளைச் சொல்ல வேண்டும். செல்ஃப் நாலு முறை இருமியது, ஐந்தாவது முறை எடுத்தது. எடுத்ததும் தெரு நாய்கள் நாலும் ஒரே திசையில் ஓடின. பாத்திரக் கடையில் அலமாரி சரிந்தால் ஒரு சத்தம் வரும் இல்லையா, அது நிற்காமல் வந்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. அதற்கு மேல் ஒரு விசில், அதற்கு அடியில் ஒரு முனகல், எல்லாமே அவர் காதில் ஏறாத ரகம். அவர் பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடி, அதிர்வைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சத்தம் எப்பிடி?" என்று கேட்டார்.

மூன்று வருஷம் துருவோடு மல்லுக்கட்டிய மனுஷன். முகமெல்லாம் கிரீஸ், அதற்கு நடுவில் பல். நான் என்ன சொல்வேன்? "சத்தமே இல்லங்க! வெண்ணெ மாதிரி ஓடுது!" என்று முழுத் தொண்டையில் கத்தினேன். எதிர் வீட்டுக்காரியும் மாடியிலிருந்து கட்டை விரலை உயர்த்திக் காட்டினாள். அதற்குப் பிறகு தெருவில் யாருக்குமே உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. எதிர் வீட்டுக்காரி மட்டும் என்னைத் தனியாகப் பார்க்கும்போது, "அக்கா, காலைல கேட்டுச்சே, அது வண்டியா கிட்டாரா?" என்று கேட்பாள். கேட்கிற தொனியில் கேலி இருக்காது, அதுதான் எனக்குக் கோபம்.

இந்தப் பக்கம் அவர் என்ன செய்தார் தெரியுமா? ஊரெல்லாம் என் பெருமையைப் பாடினார். ரேஷன் கடையில், சலூனில், மீன் மார்க்கெட்டில். "எங்க வூட்டுக்காரம்மா கிட்டார எடுத்தாங்கன்னா கரண்டு கம்பி ஆடும்" என்பார். ஒரு நாள் நேராகவே கேட்டேன், ஜன்னல் வழியாகக் கத்தி: "நான் வாசிக்கிறது ஒங்களுக்குக் கேக்குதா?"

"வாசிக்கிறது தெரியுது. தரை அதிருதுல்ல? நல்ல அதிர்வும்மா" என்றார்.

எனக்கு இருந்த ஒரே ரசிகர் அவர்தான், அதுவும் உள்ளங்காலால் ரசிக்கிறவர். நடுவில் நானே டாக்டரிடம் அழைத்துப்போய் ஒரு காது மெஷின் வாங்கிக் கொடுத்திருந்தேன். அது வண்டி எஞ்சினைப் பிரித்துப் போட்டிருந்த சமயம். ஒரு நாள் மாட்டினார். "இந்த ஃபேன் இவ்ளோ சத்தம் போடுமா? இந்தக் காக்கா எப்பவுமே இங்கதான் கத்துதா?" என்று வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். அன்றைக்கு நான் கிட்டாரைத் தொடவே இல்லை. கம்பி அறுந்துபோச்சு என்று பொய் சொன்னேன். சாயங்காலம் அவர் மெஷினைக் கழற்றி, "ஊரு ரொம்ப இரைச்சலா இருக்குது" என்று டப்பாவில் வைத்தார். மாட்டுங்கள் மாட்டுங்கள் என்று எல்லாப் பெண்டாட்டிகளும் தொல்லை கொடுப்பார்கள். நான் கொடுக்கவில்லை. அந்த மெஷின் ஏறினால் என் கச்சேரி இறங்கிவிடும் என்ற பயம்தான். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை.

அப்படி இருக்கும்போதுதான் தம்பி பேத்திக்குக் காதுகுத்து வந்தது. சிதம்பரத்தில் மண்டபம். தம்பி போனில், "அக்கா, பெட்டி நம்மளுது, மைக் நம்மளுது. நீ ரெண்டு பாட்டு வாசிச்சே ஆவணும். மாமாகிட்ட சொல்லியாச்சு, வண்டிலயே வரன்னுட்டாரு" என்றான். நான் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டான்.

எனக்கு வாசிக்க ஆசை இல்லை என்று சொன்னால் நம்பாதீர்கள். ஆசைதான். ஆனால் அன்றைக்குக் காலையில் இவர் குளித்து, சலவை வேட்டி கட்டி, டப்பாவைத் திறந்து மெஷினை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டார். "நீ மேடையில வாசிக்கிற. இன்னைக்காச்சும் காதால கேக்கணும்ல?" என்றார். நான் வாசற்படியில் கிட்டாரோடு உட்கார்ந்துவிட்டேன். மூன்று வருஷமாக ஊரெல்லாம் பெருமையடித்த மனுஷன், சபை நடுவில் அது என்ன சரக்கு என்று தெரிந்துகொள்ளப் போகிறார். அதற்குப் பிறகு அவர் முகத்தை எப்படிப் பார்ப்பது? இதே யோசனையில் இருந்தவள், இன்னொரு விஷயத்தை அடியோடு மறந்துவிட்டேன்.

அவர் வண்டியில் ஏறிச் சாவியைத் திருப்பினார்.

பாத்திரக் கடை சரிந்தது. விசில் வந்தது. முனகல் வந்தது. அவர் சட்டென்று எஞ்சினை அணைத்துவிட்டுப் பின்னால் திரும்பிப் பார்த்தார். லாரி ஏதாவது வந்து மோதிவிட்டதா என்று பார்த்தார். ரோடு காலியாக இருந்தது. மறுபடி ஸ்டார்ட் பண்ணினார். மறுபடி கடை சரிந்தது. என்னைப் பார்த்தார். நான் கிட்டார் உறையின் ஜிப்பைப் பார்த்தேன்.

முதுநகர் தாண்டும்வரை அவர் ரோட்டை மட்டும் பார்த்து ஓட்டினார். ஒவ்வொரு பள்ளத்திலும் வண்டி புதிதாக ஒரு சத்தத்தைக் கண்டுபிடித்தது. ஒவ்வொன்றுக்கும் அவர் தோள் ஒரு அங்குலம் இறங்கியது. ஆலப்பாக்கத்தில் ஒரு டீக்கடை ஓரம் நிறுத்தினார். கடைக்காரர் டீ கொடுத்துவிட்டு, "என்னா சார், சைலன்சர் வுழுந்துடுச்சா?" என்று அன்பாக விசாரித்தார்.

"இது எப்பவுமே இப்பிடித்தானா?" என்று இவர் என்னிடம் கேட்டார்.

"ஆமாங்க."

"வெண்ணெ மாதிரி ஓடுதுன்ன?"

"சொன்னேன்."

"தெருவே சொல்லுச்சு. எல்லாரும் சேந்து என்ன முட்டாளாக்கிட்டீங்க. வண்டியத் திருப்பறன். இந்தச் சத்தத்தோட மச்சான் வூட்டு விசேஷத்துக்குப் போய் எறங்க மாட்டன்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. குற்றம் என்னுடையதுதான், அந்த நேரத்தில்தான் எனக்குக் கோபம் அதிகமாக வரும். "நீங்க மட்டும் என்னாவாம்? நான் பிரமாதமா வாசிக்கிறன்னு ரேஷன் கடையில சொன்னீங்களே, என்னாத்தக் கேட்டுச் சொன்னீங்க? ஒரு பாட்டாவது காதுல வுழுந்திருக்கா? நானும் பொய் சொன்னன், நீங்களும் பொய் சொன்னீங்க. இன்னைக்கி என் பொய் ஒடைஞ்சுது. இன்னும் ஒரு மணி நேரத்துல ஒங்க பொய் ஒடைஞ்சு என் மானம் போவப் போவுது. நான் மட்டும் திரும்பிப் போலாம்னு சொன்னனா?" என்றேன். கத்தித்தான் சொன்னேன். பழக்கம். டீக்கடையே திரும்பிப் பார்த்தது. அவர் மெஷினைப் பொத்திக்கொண்டு, "மெதுவாப் பேசு, கேக்குது" என்றார்.

டீயைக் குடித்து முடித்தார். பிறகு வண்டியை எடுத்தார். சிதம்பரம் பக்கமாகவே எடுத்தார்.

மண்டபத்து வாசலில் நாங்கள் வந்து நின்றபோது உள்ளே மேளக்காரர்கள் வாசிப்பை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள். மற்றபடி குறை ஒன்றும் இல்லை. குழந்தைக்கு மொட்டை போட்டு, சந்தனம் பூசி, மாமன் மடியில் உட்கார வைத்துக் காது குத்தினார்கள். அது வீறிட்ட வீறலில் அவர் மறுபடி மெஷினைப் பொத்தினார். தம்பி மைக்கைப் பிடித்தான். வீட்டில் "யக்கா, ஒரு டீ போடு" என்கிற பயல், மைக் கைக்கு வந்தால் செந்தமிழுக்கு மாறிவிடுவான். "கடலூர் மாநகரிலிருந்து இங்கு வருகை தந்திருக்கும் என் அன்புச் சகோதரி, இப்பொழுது தன் கிட்டார் இசையால் உங்களை மகிழ்விப்பார்" என்றான்.

என் வீட்டுப் பெட்டி முழங்கால் உயரம். இவன் பெட்டி ஆள் உயரம், இந்தப் பக்கம் ரெண்டு, அந்தப் பக்கம் ரெண்டு. முதல் கம்பியைத் தட்டியதும் மண்டபத்துத் தகரக் கூரை சேர்ந்து வாசித்தது. சமையற்கட்டிலிருந்து ஒருவர் கரண்டியோடு ஓடிவந்தார். குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தது. "பாத்தீங்களா, பாட்டக் கேட்டுக் கொழந்த அமைதியாய்டுச்சு" என்றது ஒரு குரல். "பயந்துட்டுது" என்றாள் பெற்றவள்.

நான் முதல் பாட்டை எப்படி முடித்தேன் என்று தெரியாது. மூன்றாவது வரிசையில் அவர் மட்டும்தான் கண்ணில் பட்டார். இரண்டாவது பாட்டின் நடுவில் அவர் கை மெல்ல மேலே போனது. காதருகே போனது. கழற்றப் போகிறார் என்று நினைத்தேன். கழற்றவில்லை. அதில் சத்தம் கூட்டுகிற சின்னச் சக்கரம் ஒன்று உண்டு. அதை விரலால் திருப்பினார். திருப்பிவிட்டு முன்னால் குனிந்து உட்கார்ந்தார். நான் இரண்டு இடத்தில் தப்பாக வாசித்தேன், ஆனாலும் முடித்தேன். கைதட்டினார்கள். பந்தி போட்டாகிவிட்டது என்ற சந்தோஷமும் அதில் சேர்ந்திருக்கும்.

சாப்பிட்டுவிட்டு இரண்டு மணி வெயிலில் கிளம்பினோம். வெள்ளாற்றுப் பாலம் தாண்டும் வரை அவர் வண்டிச் சத்தங்களைக் கணக்கெடுத்துக்கொண்டு வந்தார். காலையில் போன உற்சாகம் கொஞ்சம் திரும்பியிருந்தது. "இது பின்பக்கத்துச் சாக்கப்சர். இது கதவு. இந்த விசில் கார்ப்பரேட்டர் பக்கம் எங்கயோ காத்து இழுக்குது. இது என்னா நறநறன்னு?"

"அது நான்தாங்க. பாக்கு மெல்றன்."

முட்லூர் வரும்போது என்னால் பொறுக்க முடியவில்லை. "எப்பிடி இருந்துச்சு?" என்றேன்.

அவர் கியரை மாற்றினார். "மொதல்ல மெஷின்தான் சரியில்ல, வுட்டு வுட்டுக் கேக்குதுன்னு நெனச்சன். அதான் கூட்டி வெச்சன். அப்புறந்தான் தெரிஞ்சுது, நீதான் வுட்டு வுட்டு வாசிக்கிற" என்றார். "ஒவ்வொரு வரி முடியறப்பவும் ஒரு நொடி நிக்கிற. டைப்ரைட்டர்ல வரி முடிஞ்சா ஒரு தள்ளுத் தள்ளிட்டு அடுத்தத ஆரம்பிப்ப இல்ல, அந்த மாதிரி."

மூன்று வருஷம் போன் வாத்தியாரும் சொல்லாதது, தம்பி சொல்லாதது, நானே கண்டுபிடிக்காதது. நினைத்துப் பார்த்தால் வரி முடியும்போதெல்லாம் என் இடது தோள் தானாக அசைகிறது. முப்பத்து மூன்று வருஷத்துத் தள்ளு. கோபம் வர வேண்டும், வரவில்லை. சிரிப்புதான் வந்தது. சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் வந்தது.

புதுச்சத்திரம் தாண்டியதும் ரோடு மோசம். மொத்தக் கடையும் சரிந்துகொண்டே வந்தது. அவர் முகம் சுளிப்பதைப் பார்த்து, "மெஷினக் கழட்டிடுங்களேன். தல வலிக்கும்" என்றேன்.

"வாணாம், இருக்கட்டும். நீ எதாச்சும் பேசு."

"என்னா பேசறது?"

"எதாச்சும்."

யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. காது மந்தமானவரோடு வாழ்கிறவள் அவசியமானதை மட்டும்தான் சொல்வாள். கேஸ் வந்துடுச்சு. மாத்திரை போட்டீங்களா. கதவைச் சாத்துங்க. அதற்கு மேல் எதையும் கத்திச் சொல்லத் தொண்டை தாங்காது. வானம் கறுத்திருப்பதையும், பக்கத்து வீட்டுக்காரி புதுப் புடவையையும் யாராவது கத்திச் சொல்வார்களா? அவசியமில்லாத பேச்சை நான் அவரிடம் பேசி எத்தனை வருஷம் ஆனதோ தெரியாது. அதை இழந்திருக்கிறேன் என்பதே அந்த வண்டியில் உட்கார்ந்துதான் எனக்குத் தெரிந்தது.

வெளியே வயல் வரப்பில் ஒரு எருமை நின்றிருந்தது.

"அந்த எருமையப் பாருங்களேன்" என்றேன், என் சாதாரணக் குரலில். "எங்க ஆபீசுப் பழைய சூப்பிரண்டு நிக்கிற மாதிரியே நிக்குது."

அவர் வண்டியை மெதுவாக்கி, திரும்பி எருமையைப் பார்த்தார்.